அட்டையில் அச்சாகாத வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்த, புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இரண்டு மூன்று மாதம் பைபிளுக்குள் பத்திரமாக இருக்கும். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆகஸ்டில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், அக்டோபரில் வேலை போனது என்று வருஷம் நகர நகர, அதே அட்டையை எடுத்துப் பார்க்கவே மனம் கூசும். "கர்த்தர் சொன்னாரே, ஏன் இன்னும் நடக்கவில்லை?" என்று போதகரிடம் கேட்கவும் தயக்கம். நமக்கு விசுவாசம் இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

அந்தக் கேள்வியோடு இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி வார்டு, துக்க வீடு என்று போய்வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் காண்கிற ஒன்று உண்டு. விசுவாசத்தில் தளர்ந்துபோனவரிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் நடுவில் ஒரு தேதி இருக்கும். கர்த்தர் சொன்ன தேதி அல்ல. தளர்ந்துபோனவரே குறித்துக்கொண்டதாக இருக்கும், அல்லது வேறு யாரோ குறித்துக் கொடுத்ததாக இருக்கும்.

அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐயே எடுத்துக்கொள்வோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." இது ஒரு கடிதத்தின் நடுவே வருகிற வரி. கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும், பராக்கிரமசாலிகளையும், தச்சர் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். 10,000 பேர் என்று 2 இராஜாக்கள் 24 சொல்கிறது. எருசலேமில் மீந்திருந்த தீர்க்கதரிசி எரேமியா, பாபிலோனுக்குத் தூது போன இருவர் கையில் அவர்களுக்குக் கொடுத்தனுப்பிய கடிதம் இது. இதற்கு முந்தின வசனம் அட்டையில் அச்சாவதில்லை: பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பின்பே உங்களைத் திரும்பிவரப்பண்ணுவேன் என்கிறது அது.

நாற்பது வயதில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. வாக்குத்தத்தம் உண்மைதான். ஆனால் அது அவர் பிள்ளைகள் கையில், பேரப்பிள்ளைகள் கையில் வந்து சேரும். இதைச் சொல்லாமல் பதினோராம் வசனத்தை மட்டும் ஒருவருக்குக் கொடுப்பது பாதிக் கடிதத்தைக் கிழித்துக் கொடுப்பதற்குச் சமம். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது காயப்படுத்துகிறது.

அதே நாட்களில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவரும் என்றான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். கேட்டவர்களுக்கு எது இனித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எரேமியா கொடுத்த முதல் பதிலைக் கவனியுங்கள்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. விடுதலை வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை. காலம்தான் அதைக் காட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனார். அனனியா அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் இறந்துபோனான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை. "மூன்று மாதத்தில் கடன் தீரும்", "இந்த வருஷம் முடிவதற்குள் குழந்தை" என்று யாராவது தலையில் கைவைத்துச் சொன்னால், எரேமியாவைப் போல ஆமென் சொல்லுங்கள். அந்தத் தேதியை நம்பிப் பணம் சம்பந்தமாக எதுவும் செய்யாதீர்கள். புதுக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், வேலையை விடாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். அன்றைய தேதியையும் சொன்ன வார்த்தையையும் ஒரு நோட்டில் எழுதி மடித்து வையுங்கள். சொன்னவர் அதோடு காணிக்கையும் கேட்டாரா, தேதி கடந்த பிறகு உங்கள் வீட்டு வாசலை மிதித்தாரா என்பதையும் அதிலேயே எழுதுங்கள். "விதை விதைத்தால் நூறு மடங்கு" என்ற பேச்சை நம்பி நகையை அடகு வைத்துக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அதில் இழந்தது நகை மட்டும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருவதே அவர்களுக்கு முடியாமல் போயிற்று.

பதற்றத்தில் செய்யும் பொருத்தனையும் இப்படித்தான். ஐ.சி.யூ. வாசலில் நின்று "இவர் பிழைத்தால் இவ்வளவு தருகிறேன்" என்று தகுதிக்கு மேல் நேர்ந்துகொண்டு, பிறகு அதைச் செலுத்த வட்டிக்கு வாங்குகிறவர்கள் உண்டு. நேர்ந்துகொண்டு செலுத்தாதிருப்பதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ல் இருக்கிறது. அந்த நேரத்தில் "கர்த்தாவே, இரங்கும்" என்ற இரண்டு வார்த்தை போதும்.

சரி, 70 வருஷம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? கடிதம் அதையும் சொல்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். அவர்கள் அப்படியே செய்தார்கள் என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சி இருக்கிறது. பாபிலோனியாவில் "யூதா ஊர்" என்றே பெயர் பெற்ற ஒரு குடியிருப்பைச் சேர்ந்த களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. நிலக் குத்தகை, வரி, கடன் என்று அன்றாடக் கணக்குகள் அவை. யூதப் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. விசுவாசத்தோடு காத்திருந்த ஜனம் எப்படி இருந்தது என்று கேட்டால் அந்தக் குத்தகைச் சீட்டுகளைத்தான் காட்டத் தோன்றுகிறது.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. "வேலை கிடைத்த பிறகு", "கேஸ் முடிந்த பிறகு", "இவர் குணமான பிறகு" என்று எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிடுவோம். பல் டாக்டரிடம் போவது, பிள்ளையின் சேர்க்கை, பழுதான குழாய், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது எல்லாமே நின்றுபோகும். ஆறு மாதத்தில் வீடே ஆஸ்பத்திரி வராந்தாபோல ஆகிவிடும். ஒரு காகிதத்தில் இப்படித் தள்ளிப்போட்டவற்றை எழுதுங்கள். அதில் கடன் வாங்காமல் செய்யக்கூடிய ஒன்றை இந்த வாரமே செய்யுங்கள். மொட்டை மாடியில் நாலு தொட்டியில் கீரை விதைப்பதுகூட எரேமியாவின் கடிதத்துக்குக் கீழ்ப்படிவதுதான். கீரை 25 நாளில் கறிக்கு வரும். பலன் தெரியாத பெரிய காத்திருப்பின் நடுவே கைக்கு எட்டுகிற ஒரு பலன் மனசுக்கு எவ்வளவு தெம்பு தரும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கடன் என்றால் இன்னும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுத வேண்டும்: யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், என்ன அடமானம். பலர் ஜெபக் குறிப்பில் "கடன் பிரச்சனை" என்று மட்டும் கொடுக்கிறார்கள், மொத்தத் தொகை அவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம். கணவன் அறியாமல் மனைவி வாங்கியதும், மனைவி அறியாமல் கணவன் வாங்கியதும் அந்தத் தாளில் வந்தாக வேண்டும். தண்டல், கந்துவட்டி முதலில் அடைபட வேண்டியவை. வங்கித் தவணை தவறும் என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே போய் மேனேஜரிடம் பேச வேண்டும். தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து ஜெபிக்கும் முதல் நாள்தான் பல குடும்பங்களில் திருப்பம் தொடங்குகிறது.

இப்போது வசனத்தைத் தியானிக்கும் முறை. எந்த வாக்குத்தத்தத்தையும் பிடித்துக்கொள்ளும் முன் அதன் அதிகாரம் முழுவதையும் வாசித்து, யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது, நிபந்தனை உண்டா, இயேசுவும் அப்போஸ்தலரும் அதை எல்லாருக்கும் எடுத்துக்கொடுத்தார்களா என்று பாருங்கள். "உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற உபாகமம் 28:13 கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையோடு இஸ்ரவேல் ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. பிள்ளையின் நீட் தேர்வுக்கு அதை நேரடியாக ஒட்டினால் மார்க் வந்த அன்று பிள்ளையின் விசுவாசமும் சேர்ந்து அடிபடும். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பதோ யோசுவாவுக்குச் சொன்னது. ஆனால் எபிரெயர் 13:5 அதை எடுத்து எல்லா விசுவாசிகளுக்கும் கொடுக்கிறது. அதன்மேல் முழுப் பாரத்தையும் வைக்கலாம். 1 யோவான் 1:9, யாக்கோபு 1:5, மத்தேயு 28:20 அந்த வகை. "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்ற யோவான் 16:33-உம் ஒரு வாக்குத்தத்தம்தான். அதையும் அட்டையில் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. "ஆனாலும் திடன்கொள்ளுங்கள்" என்ற அடுத்த வார்த்தையின் கனம் அப்போதுதான் புரியும்.

பிலிப்பியர் 4:19-ஐயும் இப்படி வாசியுங்கள். குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்று எழுதின பவுல் அப்போது காவலில் கட்டப்பட்டிருந்தார். ஏழு வசனத்துக்கு முன்னால்தான் தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார்.

ஜெபம் பற்றி. நெருக்கத்தில் முதலில் போவது ஜெப நேரம்தான். பக்தி குறைந்ததால் மட்டும் அப்படி ஆவதில்லை. உடம்பு தூங்கியிருக்காது, வார்த்தை வராது. எலியா சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆகையால் முதலில் சாப்பாடும் தூக்கமும். இரண்டாவது, உணர்வு வரும்வரை காத்திராமல் நேரத்தைக் கட்டிப்போடுவது. தானியேல் தினம் மூன்று வேளை எருசலேமை நோக்கித் திறந்த ஜன்னலண்டை முழங்காற்படியிட்டார். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்ற சட்டம் வந்த அன்றும் அப்படியே செய்தார், "தான் முன் செய்துவந்தபடியே" என்று வசனம் சொல்கிறது. நெருக்கத்தில் புதிதாகப் பிறந்த பழக்கம் அல்ல அது. எனவே 40 நாள் உபவாசம் என்று பெரிதாக ஆரம்பித்து நாலாம் நாள் விட்டு, குற்றவுணர்வில் விழுவதைவிட, காலையில் பத்து நிமிஷம், இரவில் ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் தொடங்கவே கூடாது.

சொந்த வார்த்தை வராதபோது சங்கீதத்தை உரக்க வாசியுங்கள். 150 சங்கீதத்தை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஐந்து. தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் போதும். 12-ஆம் தேதியென்றால் 12, 42, 72, 102, 132. ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். 29-ஆம் தேதி வரும் 119 மட்டும் 176 வசனம். அதை 31-ஆம் தேதிக்கு ஒதுக்குங்கள். இந்த முறையின் நன்மை என்னவென்றால், நாம் தேர்ந்தெடுக்காத சங்கீதங்களும் வாயில் வரும். 13-ஆம் சங்கீதம் இரண்டே வசனத்தில் நான்கு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. 88 ஆறுதலான ஒரு வார்த்தையில்கூட முடிவதில்லை. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. இவை வேதத்துக்குள் இருப்பதால், தேவனிடம் முறையிடுவது அவிசுவாசம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

புலம்பல் புத்தகத்தை நம் சபைகள் அதிகம் வாசிப்பதில்லை, மூன்றாம் அதிகாரத்தின் இரண்டு வசனம் தவிர. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று பாடுகிறோம். அது எரிந்துபோன எருசலேமின் நடுவிலிருந்து வந்த வார்த்தை. ஆத்திசூடி அகரவரிசையில் போவதுபோல, புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய எழுத்து 22-ன் வரிசையில் அமைந்தவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றுவிடாமல் சொல்லித் தீர்த்த பாட்டு அது. 2004-ல் சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்தாம் நாள் இரவு வருஷக் கடைசி ஆராதனை. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஊர்களில் அந்த இரவு எந்த வசனத்தைத் தட்டிலிருந்து எடுப்பது? அப்படிப்பட்ட இரவுக்கு வேதம் வைத்திருக்கிற புத்தகம் புலம்பல். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. யோபின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான். பேசத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள். "எங்கேயோ ஒரு பாவம் இருக்கிறது", "கர்த்தர் எடுத்துக்கொண்டார், நன்மைக்கே", "இன்னும் விசுவாசமாக ஜெபித்திருக்கலாம்" ஆகிய மூன்றும் யார் வாயிலும் வரக்கூடாத வார்த்தைகள். இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள். கஞ்சியோ இட்லியோ திரும்பக் கேட்கத் தேவையில்லாத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இரவு துணைக்கு இருக்கிறேன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். பதினைந்தாம் நாள் கூட்டம் போன பிறகு மறுபடியும் போங்கள்.

மருந்தையும் வாக்குத்தத்தத்தையும் எதிரெதிரே நிறுத்துவது பெரிய ஆபத்து. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷ ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு கிடைத்த பிறகுதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் வைக்கச் செய்தார். ராஜா பிழைத்தார். மருந்து வைத்ததால் அவர் விசுவாசம் குறைந்ததாக எங்கும் இல்லை. மனச்சோர்வுக்கும் இதே நியாயம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவு நினைவு வருகிறது என்றால் ஜெபத்தோடு மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டும். உடனே பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்னொரு காரியம் எரேமியா 32-ல் இருக்கிறது. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கச் சொல்கிறார் கர்த்தர். போய்ப் பார்க்கக்கூட முடியாத நிலம். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய எடையில் ஏறக்குறைய 190 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். கிரயப் பத்திரம் இரண்டு: முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. இவ்வளவும் முறையாகச் செய்து முடித்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தின் கடைசியில், நகரம் கல்தேயராகிய பாபிலோனியர் கையில் போகிறதே, நீர் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்ற திகைப்பு அப்படியே இருக்கிறது. கீழ்ப்படிவதற்கு முன் திகைப்பு தீர வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

அந்தப் பத்திரத்தைப் போல நமக்கும் எழுத்தில் ஒன்று வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். இடப் பக்கத்தில் தேதி, வசனம், கேட்டது. வலப் பக்கம் காலி. நடந்தால் நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள். வேறுவிதமாக நடந்தால் அதையும் உள்ளபடியே எழுதுங்கள். "கேட்டோம், அப்பா இறந்துபோனார்" என்று எழுதக் கை நடுங்கும், எழுதத்தான் வேண்டும். நடந்தவற்றை மட்டும் சேர்க்கும் சாட்சி நோட்டு கஷ்டகாலத்தில் உதவாது, படிக்கிறவருக்கே அது பொய்யாகத் தோன்றும். காலியாக இருக்கிற பக்கத்தைக் காலியாக விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பமாக உட்கார்ந்து புரட்டுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், சில பக்கங்களின் வலப் பக்கத்தை அவர்கள்தான் ஒருநாள் நிரப்புவார்கள்.

கி.மு. 539-ல் பாபிலோன் விழுந்தது. கிழவராகிவிட்ட தானியேல் எரேமியாவின் எழுத்தை வாசித்து 70 வருஷக் கணக்கை அறிந்துகொண்டார் என்று தானியேல் 9 சொல்கிறது. கணக்கு முடிந்தது என்று மூட்டை கட்டாமல், இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். பாபிலோனைப் பிடித்த பெர்சிய ராஜா கோரேசின் கட்டளையோடு மற்றவர்கள் எருசலேமுக்குப் புறப்பட்டார்கள். கோரேசின் மூன்றாம் வருஷத்திலும் தானியேல் இதெக்கேல் (டைகிரிஸ்) ஆற்றங்கரையில்தான் நிற்கிறார்.

இந்த டிசம்பர் 31 இரவு கோவிலுக்குப் புறப்படும் முன், பழைய அட்டையை வெளியே எடுங்கள். அதன் பின்பக்கத்தில் இந்த வருஷத்தின் தேதிகளை எழுதுங்கள், ஸ்கேன் எடுத்த நாள், வேலை போன நாள், யாரோ கஞ்சி கொண்டுவந்த நாள். நோட்டுக்குள் ஒட்டிவிட்டு, பிறகு போய்ப் புதிய அட்டையை எடுங்கள்.